முகம் தெரியாதவருக்குக் காவல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

அறிவியல் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் இணையம் தலையாயது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதில் நாம் வைக்கும் ஒவ்வோர் அடியும் தடம் பதிக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. யார், எங்கிருந்து, எந்தத் தளத்தை நாடினார் என்பதை வழியில் இருப்பவர்கள் அறிய முடியும். இதனைத் தடுக்க எழுந்ததே 'டோர்' என்னும் வலை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களின் நடுவில் முளைத்த கருத்து இது. 2002இல் மென்பொருளாக வெளிவந்தது. 2006 முதல் இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு இதனைப் பேணி வருகிறது.

இது இயங்கும் விதம் எளிது. நாம் அனுப்பும் செய்தி மூன்று உறைகளுக்குள் இட்டு மூடப்பட்டு, மூன்று கணினிகள் வழியே செல்கிறது. ஒவ்வொன்றும் தனக்குரிய உறையை மட்டுமே பிரிக்கும். முதல் கணினிக்கு அனுப்பியவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுவில் உள்ளதற்கு இரண்டுமே தெரியாது. இக்கணினிகளுக்கு 'ரிலே' என்று பெயர். உலகெங்கும் இவற்றை நடத்துவோருள் பலர் கூலி பெறாத தொண்டர்கள்.

"ஒளிவுமறைவு இல்லாதவனுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் செய்தியை, நான் ஊரில் இல்லாதபோது, அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் காட்டித்தான் தெரிந்துகொள்வார். எங்கள் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். அவர் செய்த குற்றம் என்ன? அந்தரங்கம் குற்றவாளியின் தேவை அன்று, எளியவனின் தேவை. செய்தியாளருக்கும், கணவனின் அடிக்கு அஞ்சி உதவி தேடும் பெண்ணுக்கும் அது உயிர்த்தேவை. தீயவனும் இவ்வலையில் ஒளியலாம் என்பது உண்மைதான். திருடனும் நடக்கிறான் என்பதற்காகச் சாலையை யாரும் வெட்டிப் போடுவதில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். ரிலே நடத்த விரும்பும் ஒருவர் எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது? கணினி மாணவர்களிடையே இது சினிமா ரசிகர்களின் சண்டை போல ஆகிவிடுகிறது. 'எது சிறந்தது?' என்று கேட்பதே தவறு என்பது என் கருத்து. கேட்க வேண்டியவை இரண்டு. இதனை என்னால் ஒழுங்காகப் பேண முடியுமா? இதில் ஒரு பழுது நேர்ந்தால், இதனுடன் சேர்ந்து வலையில் எத்தனை ரிலேக்கள் சாயும்?

இரண்டு பாடங்கள்

2006இல், டெபியன் லினக்ஸில் இரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் சில வரிகள் நீக்கப்பட்டன. நல்லெண்ணத்துடன் செய்த திருத்தம்தான். ஆனால் அதன்பின் பிறந்த சாவிகள், கணினி தன் வேலைக்கு இடும் வரிசை எண்ணை மட்டுமே நம்பிப் பிறந்தன. கணக்கற்ற வகையில் இருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ 32,000க்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதம் வரை இது வெளிப்படவில்லை. டோர் வலையில், எந்த ரிலேக்கள் இருக்கின்றன என்று பட்டியலிட்டுக் கையெழுத்திடும் தலைமைக் கணினிகள் உண்டு. அப்போதைய புதிய பதிப்புக்கு இருந்த ஆறில் மூன்றின் சாவிகளேனும் இப்படிப் பலவீனமானவை என்று தெரியவந்தது. நான்காவதும் சேர்ந்திருந்தால் பெரும்பான்மை! பொய்ப் பட்டியலையே மெய்யென்று காட்டியிருக்கலாம். எல்லோரும் ஒரே இயங்குதளத்தை நம்பினால் வரும் கேடு இதுவே.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டை இன்னொரு பாடம். அதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டாண்டுகளாக இருந்த பழுது அது. இயங்குதளம் எதுவானாலும், அந்தப் பதிப்பை வைத்திருந்த கணினியின் நினைவகத்தைத் துண்டு துண்டாக வெளியார் படிக்க வழி செய்தது. திருத்தம் உடனே கிடைத்தும் பலர் அதனை இடவில்லை. அத்தகைய நூற்றுக்கணக்கான ரிலேக்களை வலை தள்ளி வைத்தது. பேணாதவன் கையில் எந்த இயங்குதளமும் பாதுகாப்பானது அன்று.

எதைக் கொள்வது?

வீட்டுக் கணினியில் உள்ள விண்டோஸ் இதற்கு ஏற்றதன்று. தன் விருப்பப்படி மறுதொடக்கம் செய்துகொள்ளும். ரிலேக்குத் தேவையற்ற பாகங்களும் அதில் மிகுதி. 'டெயில்ஸ்' என்பதைச் சிலர் பரிந்துரைப்பர். அது பயன்படுத்துவோருக்கானது, அணைத்ததும் அனைத்தையும் மறந்துவிடும். ரிலேயோ தன் அடையாளச் சாவியைக் காத்து, நாள்தோறும் நின்று, வலையின் நம்பிக்கையைச் சிறிது சிறிதாகப் பெற வேண்டியது.

புதியவருக்கு டெபியன் போதும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே இட்டுக்கொள்ளும்படி அமைக்கலாம். ஐயம் வந்தால் கேட்க ஆள் உண்டு. 2006இல் தவறியது அதுதானே என்பீர்கள். தவறு அறிவிக்கப்பட்டது, திருத்தப்பட்டது, மறைக்கப்படவில்லை.

ஆனால் மிகப் பெரும்பாலான ரிலேக்கள் லினக்ஸிலேயே ஓடுகின்றன. ஆகவே ஓராண்டு அனுபவம் பெற்றவர் அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஃபிரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகியவை வேறு மரபில் வந்தவை. ஹார்ட்பிளீட்டுக்குப் பின் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பிரித்தெடுத்து, களைந்து, லிப்ரெஎஸ்எஸ்எல் ஆக்கியவர்கள் ஓப்பன்பிஎஸ்டி குழுவினரே. ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்க, திறந்திருக்கும் கோப்புகளின் வரம்பை அதில் நாமே உயர்த்த வேண்டும். படித்துச் செய்யக்கூடிய வேலைதான். நண்பர்கள் நால்வர் ரிலே நடத்தினால் இருவராவது இப்பக்கம் வரட்டும். ஆயினும், அரைகுறையாகத் தெரிந்த ஓப்பன்பிஎஸ்டியைவிட நன்கு பேணிய டெபியனே மேல்.

செலவும் பெரிதன்று. சிறிய ரிலேக்கு 512 எம்.பி. நினைவகம் போதும். மாதம் 100 ஜி.பி. வெளியே போகவும் அதே அளவு உள்ளே வரவும் இணைப்பு வேண்டும். இறுதி ரிலேயின் முகவரியே வெளியாருக்குத் தெரியுமாதலால், அப்பொறுப்பைத் தொடக்கத்தில் ஏற்க வேண்டாம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறோம். பிறர் இடும் ஆணைக்கு விசைகளைத் தட்டுவதற்கு மட்டுமா கற்றோம்? நம் ரிலே வழியே போகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நன்றி சொல்ல அவர் வரமாட்டார். நாம் இடாமல் விட்ட ஒரு திருத்தத்தால் அவர் அகப்பட்டாலும், அதுவும் நம் காதுக்கு எட்டாது. ஆகவே தேர்வைப் பெருமைக்காகச் செய்யாமல், பொறுப்பை எண்ணிச் செய்வோம்.