ஏணியின் கடைசிப் படி

மட்டக்குளியிலிருந்து புறப்படும் 155ஆம் இலக்க பஸ் வண்டி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அருகாகச் சென்று தெற்கு நோக்கி ஓடுகிறது. பல்கலைக்கழகத்தில் இறங்கும் பேறு பெற்ற பிள்ளைகள் அதிற் சிலரே. க.பொ.த. உயர்தரத்திற் சித்தியெய்தியும் வெட்டுப்புள்ளியால் வெளியே நிறுத்தப்பட்டோர், அவ்வாசலைக் கடந்து தனியார் கல்வி நிலையங்களை நாடிச் செல்கின்றனர். பகலில் உத்தியோகம், மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு என்று காலங் கழிக்கும் இவ்விளைஞரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

இவர்களுட் பலர் பயில்வது கணினியும் முறைமை விருத்தியும் என்னும் துறை. முதலில் உயர் தேசிய டிப்ளோமா. அதன்மேல் ஓராண்டு பயின்று பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம். இதனையே 'டொப்-அப்' பட்டம் என்று வழங்குகிறோம். பிரித்தானிய முறைப்படி சிறப்புப் பட்டத்துக்கு 360 கிரெடிட் வேண்டும். அவற்றுள் 240ஐ, 4ஆம் 5ஆம் மட்டங்களில், டிப்ளோமா தந்துவிடுகிறது. எஞ்சிய 120, 6ஆம் மட்டமாகிய இறுதியாண்டுக்குரியது. ஆகவே, இது குறுக்கு வழியன்று. இரு கட்டங்களாக ஏறும் ஏணியேயாகும்.

ஆயினும் "காசு கொடுத்து வாங்கிய பட்டம்" என்று நம்மவர் இதனை எள்ளுவதைக் கலியாண வீடுகளிற்கூடக் கேட்டிருக்கிறேன். இவ்வேளனம் நம் நாட்டுக் கல்வி வரலாற்றை அறியாதது. 1921இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தப் பட்டமே இருந்ததில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும் வரை, அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளையே எழுதினர். அக்கல்லூரிக்கும் முன்னரே, காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். பின் ஆசிரியராயிருந்து கொண்டே இலண்டன் பி.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்றார். டிப்ளோமா உள்ளூரில், பட்டம் கடல் கடந்த பல்கலைக்கழகத்தில். அவரே பின்னாளில் விபுலானந்த அடிகளாகி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவருடைய பட்டத்தை இளப்பமென்று சொல்ல யார் துணிவர்?

ஆனால், ஒரு வேற்றுமையை மறைத்தல் தகாது. அன்று மாணவன் பரீட்சை மண்டபத்தில் தன் கையாலேயே விடை எழுதினான். இன்றோ மதிப்பீட்டின் பெரும்பகுதி ஒப்படைகளிலும் இறுதியாண்டுத் திட்டப்பணியிலும் தங்கியிருக்கிறது. ஒரு கடையினதோ மருந்தகத்தினதோ தேவையைக் கேட்டறிந்து, தரவுத்தளம் வகுத்து, நிரல் எழுதி, சோதித்து, பிழை களைந்து, அறிக்கை சமர்ப்பிப்பதே அப்பணி. அதனைக் கூலிக்கு எழுதிக் கொடுப்போர் உளர்; நொடிப்பொழுதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. தாய் தன் காப்பை அடகு வைத்துக் கட்டிய பணத்தில் பிறர் உழைப்பைத் தன் பெயரில் சமர்ப்பிக்கும் பிள்ளை, பட்டத்தை மெய்யாகவே காசுக்கு வாங்கியவனாகிறான். "இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்?" என்று நேர்முகப் பரீட்சையிற் கேட்கும்போது அவனுக்கு உதவ யாருமிரார். அவனாலேயே, இராக்கண் விழித்து உழைத்த அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இழுக்கு வருகிறது.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 1945இல் கன்னங்கரா அவர்கள் நிலைநாட்டிய இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரைக்கும் உரியது. மட்டக்குளியிலேயே அரசின் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் ஒன்று பொறியியல் டிப்ளோமா கற்பிக்கிறது. அதன் உடன்பிறந்த நிறுவகங்களில் தகவல் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகிறது. இத்தகைய நிறுவகங்களின் கணக்கியல் டிப்ளோமா மாணவர், தம் கல்வியைப் பட்டத்துக்கு நிகராக மதிக்குமாறு கேட்டு 2015 ஒக்டோபர் 29ஆந் திகதி கொழும்பு வீதியில் இறங்கினர். பொலிசாரின் தடியடியே அவர்களுக்குக் கிடைத்தது. டிப்ளோமாவை ஓர் ஆணையாற் பட்டமாக்குதல் முறையன்று என்பது என் கருத்து. ஆயினும், மேலே ஏறப் படி எங்கே என்ற வினா நியாயமானது. அரசுப் பல்கலைக்கழகங்கள் உத்தியோகம் பார்க்கும் டிப்ளோமாதாரருக்கென மாலை நேர இறுதியாண்டு வகுப்புகளைப் பரவலாகத் திறந்தால், ஏழைக் குடும்பங்கள் அடகுக் கடைக்குச் செல்வது குறையும்.

அதுவரை பெற்றோர்க்கு நான் கூறக்கூடியது இதுவே: பணம் கட்டுமுன், பட்டமளிக்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என்று கேட்டறியுங்கள். பிள்ளை எழுதிய நிரல் நமக்கு விளங்காது போகலாம். ஆனாலும் அது என்ன செய்கிறதென்று ஒரு நாள் அருகிலிருந்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். தானே செய்தவன் ஆர்வத்தோடு சொல்வான்.