போனதுக்கு என்ன ப்ரூஃப்?

நான் வங்கியில் குமாஸ்தா. கவிதையும் எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி நான்தான் என்பதால் இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

போன மாதம் ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஊருக்கு வெளியே இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறார். மகள் நர்சிங் படிக்கிறாள், படிப்புக் கடன் வேண்டும். விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“இந்தியன்னு போடணும்மா. அதுக்கு ஆதாரம் வேணும்” என்றேன்.

“நாங்க இங்கேருந்து போனவங்கதான் தம்பி. எங்க பாட்டனுக்குத் தொறையூர் பக்கம். நுவரெலியா தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிட்டுப் போனான். எங்கப்பா இந்தியாவுக்கே போறோம்னு எழுதிக் குடுத்தவரு. கூப்புடுறதுக்கு முன்னாடி எம்பத்துமூணு கலவரத்துல லயத்தக் கொளுத்திட்டானுங்க. படகேறி வந்துட்டோம்.”

நான் கேட்டேன்: “போனதுக்கு என்ன ப்ரூஃப்?”

அவர் காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லாரும் நம்ம ஆட்கள். சட்டம் படிக்கிற தம்பி ஒருவன் சொன்னான்: “அண்ணே, பாவந்தான். ஆனா இவங்களுக்குக் குடியுரிமை குடுத்தா நாளைக்கு எஸ்.சி. சர்டிபிகேட் கேப்பாங்க. நம்ம சீட்டுலதான கை வைப்பாங்க?” யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

தம்பி, போனவர்கள் யார் என்று உனக்குத் தெரியுமா?

இலங்கை மலையில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரனுக்கு ஆள் வேண்டியிருந்தது. இங்கே பஞ்சம் இருந்தது, பண்ணையடிமைத்தனம் இருந்தது. எந்த ஊரில் பறையனும் பள்ளனும் சக்கிலியனும் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் கிடந்தானோ அந்த ஊரிலிருந்துதான் ஆள் போனது. ராமநாதபுரம் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்கு. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். காப்பி நோயில் அழிந்ததும் தேயிலை வந்தது. பயிர் மாறியது. கூலி மாறவில்லை.

‘ப்ரூஃப்’ கேட்டேன் அல்லவா? ப்ரூஃப் இல்லாமல் அவன் யாரையும் கொண்டுபோகவில்லை. கழுத்தில் தகரத் துண்டு கட்டி அனுப்பினான். அதில் தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண். தோட்டத்தில் இன்னொரு துண்டு. இன்ன தொகை கடன், கட்டினால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிய சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 வரை இந்த வழக்கம் இருந்தது. நானும் தினம் கடன் பேரேடு பார்க்கிறவன். மனுசனையே அடமானமாக வரவு வைத்த பேரேடு அது. கங்காணிகளில் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். கடலைத் தாண்டியும் சாதி கூடவே போனது.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. பெற்ற அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து ஏழு லட்சம் பேருக்கு மேல் நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 95 இடங்களில் 7 இடம் ஜெயித்திருந்தது. கூலிக்கு ஓட்டு இருந்தால் என்ன நடக்கும் என்று கொழும்புக் கனவான்களுக்குப் புரிந்துவிட்டது. சிங்களவனை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள முடியாது. ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த ஆண்டுதான் அந்த அரசில் அமைச்சராகப் போய் உட்கார்ந்தார். செல்வநாயகம் எதிர்த்து வெளியே வந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு 1964. சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப் பிரிவினையில் மாட்டைப் பிரிப்பதுபோல. அந்தப் பத்து லட்சம் பேரில் ஒருவரையும் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார வைக்கவில்லை. 1975இல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களை இலங்கை அரசு எடுத்துக்கொண்டபோது கம்பெனிக்கு நட்ட ஈடு உண்டு. காட்டைத் தோட்டமாக்கியவனுக்குக் கப்பல் டிக்கெட்.

வந்தவர்கள் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து கிள்ளினார்கள். அங்கே அவர்கள் இந்தியாக்காரர்கள், இங்கே சிலோன்காரர்கள். கப்பல் நின்றபின் அந்த அம்மாவைப் போல் படகில் வந்தவர்கள் முகாமுக்குள் போனார்கள். மண்டபம் முகாம் இருக்கிறதே, அது தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அடைத்து வைத்து நோய் பார்க்க இலங்கை அரசு நடத்திய இடம். போகும்போது பாட்டனை அடைத்த இடத்திலேயே வரும்போது பேத்தியை அடைத்தார்கள். 2021இல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். சேரிக்குக் காலனி என்று பெயர் வைத்த கதை நமக்குத் தெரியாதா?

அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னார்கள். முஸ்லிமை விட்டார்கள். இலங்கையையும் விட்டார்கள். இந்துக்களைக் காப்பாற்றத்தான் சட்டம் என்றார்களே, அந்த அம்மா நெற்றியில் திருநீறு இருந்தது. அது கணக்கில் வரவில்லை. தாளில்லாமல் படகேறியதால் சட்டத்தின் கண்ணில் அவர் கள்ளக் குடியேறி.

தப்பி வருகிறவனுக்குக் கதவடைப்பதில் வெள்ளைக்காரன் நமக்கு மூத்தவன். 1968இல் கென்யாவிலிருந்து இந்திய வம்சாவளியினர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு கிளம்பியபோது, அவர்களை நிறுத்த மூன்றே நாளில் சட்டம் போட்டது லண்டன். ஆள் வேண்டும்போது கடல் திறக்கும், ஆள் வந்து கேட்கும்போது மூடும். அந்த வேலையை இன்றைக்கு நம் அரசுகள் செய்கின்றன. கவுண்டரில் உட்கார்ந்து நான் செய்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன் தம்பி. சீட்டுப் போய்விடும் என்கிறாய். நம்ம சீட்டை இதுவரை தின்றவன் யார்? நிரப்பாமல் விட்ட காலியிடங்களை முகாமில் இருக்கிறவனா விழுங்கினான்? அந்த அம்மாவின் பாட்டன் தோணி ஏறாமல் இருந்திருந்தால், அந்த மகள் இன்றைக்கு உன் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். உன் பாட்டன் ஏறியிருந்தால் நீ முகாமில் இருந்திருப்பாய். இடையில் இருப்பது ஒரு தோணிதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே அருந்ததியரை வந்தேறி என்கிறவன் இருக்கிறான். பீகாரிலிருந்து வந்து மூட்டை தூக்குகிறவனை வடக்கன் என்று நக்கலடிக்கிறவன் இருக்கிறான். அவன் பேச்சைக் கேட்டு நம்ம பையன்களும் கைதட்டுகிறார்கள். ஊருக்குள் வராதே என்று எல்லை போட்டவனால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். எல்லை போடுகிறவனின் வார்த்தை நம் வாயில் எப்படி வந்தது?

கடனைத் தர என் கையில் அதிகாரம் இல்லை. ஆனால் மனுவை வாங்கி, கட்டம் காலியாக இருப்பதற்கான காரணத்தை எழுதி மேலே அனுப்பும் அளவுக்காவது பேனா இருக்கிறது. அதைக்கூடச் செய்யாமல் அனுப்பினேன். வரும் ஞாயிறு வட்டம் முகாமில் கூடட்டும் என்று கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் படிக்கிற தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

வா தம்பி. மனு எழுத ஆள் வேண்டும்.