பார்த்துடலாம் சார்

"பார்த்துடலாம் சார், வச்சிட்டுப் போங்க." கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இந்த வார்த்தையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவன் நான். "வேண்டாம் தம்பி, கொடு" என்று சொல்லி அந்த ஹார்ட் டிஸ்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்திருந்தால், என் அண்ணனின் குரல் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து போனவர். புதுச்சேரியில் இது தெருவுக்குத் தெரு உள்ள கதைதான். அவருக்குக் கடிதம் எழுத வணங்காது. அம்மாவுக்கோ படிக்கத் தெரியாது. ஆகையால் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார். மொத்தம் 34 கேசட்டுகள். அண்ணன் போன பிறகு அவற்றைப் பக்கத்துக்கு ஒரு ஃபைலாக, 68 ஃபைல்களாக மாற்றி, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது. அதுதான் ஏற்றியாகிவிட்டதே என்று அவற்றைக் குப்பையில் போட்டேன். அந்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. அதற்கு யார் மேலும் பழி போடவில்லை.

சென்ற ஐப்பசியில், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயர் காலில் மாட்டி மேசையிலிருந்து விழுந்தது. மறுபடி செருகினால் 'டிக், டிக்' என்று சுவர்க்கடிகாரம் மாதிரிச் சத்தம். "டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. நல்லவேளை, அதற்குச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நான் செய்தது என்ன? கழற்றிக் கழற்றி ஏழெட்டு முறை செருகிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "தாத்தா, லேசாத் தட்டினா சரியாகும்" என்று தட்டினான். அவனுக்குப் பதின்மூன்று வயது. அவனை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது கடைக்காரரைத்தான். அவர் சீலிங் ஃபேனுக்குக் கீழே, டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்து, நட்சத்திர மூக்கு ஸ்குரூடிரைவரால் மூடியைக் கழற்றினார். மூடி இல்லாமலே ஓட விட்டுப் பார்த்திருக்கிறார். இதை இரண்டு நாள் கழித்து அவரே பெருமையாகச் சொன்னார். "டிரை பண்ணேன் சார், ஆகலை. ஆயிரத்து ஐந்நூறு கொடுங்க."

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தட்டு, நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. பழைய கிராமபோனில் ஊசி தட்டைத் தொட்டுக்கொண்டு போகும். இதில் தொடக்கூடாது. படிக்கிற முனை, தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் பருமன் அந்த இடைவெளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. நம் கண்ணுக்கே தெரியாத தூசி அதற்கு மலை. அதனால்தான் தூசி வடிகட்டிய அறையில்தான் இதைத் திறப்பார்கள். விழுந்த டிஸ்கில் அந்த முனை வளைந்திருந்தால், 'டிக் டிக்' என்று கேட்கிற ஒவ்வொரு விநாடியும் அது தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். சுரண்டின இடத்தில் இருந்ததை எந்த சாஃப்ட்வேரும் திரும்பக் கொண்டுவராது.

ஆகவே முதல் வைத்தியம், சும்மா இருப்பது. மின்சாரத்தை நிறுத்து, தொடாதே. இதைச் சொல்ல ஒரு கடைக்காரருக்கும் வாய் வராது, ஏனென்றால் சும்மா இருப்பதற்குப் பில் போட முடியாது.

நான் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன். மூலப் பத்திரத்தின் மேல் யாரும் பேனா வைக்கமாட்டோம். முதலில் நகல், அப்புறம்தான் வேலை. நனைந்த ஃபைலைப் பிரிக்க அவசரப்பட்ட ஜூனியரை எங்கள் ரெக்கார்டு கீப்பர் கையைப் பிடித்து நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி எனக்கு ஆயிரம் புகார் உண்டு. பள்ளிக்கூடத்தில் அவர்கள் மொழியில் படித்த உரிமையில் சொல்கிறேன். ஆனால் 1776-லேயே, காலனிகளின் பிறப்பு, திருமண, மரணப் பதிவுகளை மூன்று பிரதி எழுதி, ஒன்றைக் கப்பலில் பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று ராஜ உத்தரவு போட்டவர்கள் அவர்கள். அப்படிப் போனவை இன்றும் எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கரையானும் புயலும் உள்ள ஊர்களில் ஒரே பிரதியை நம்பக்கூடாது என்று அந்த ராஜாவின் குமாஸ்தாக்களுக்குத் தெரிந்திருக்கிறது. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கின எனக்குத் தெரியவில்லை.

டிஸ்கை மீட்பதிலும் அதே நகல் சட்டம்தான். படிக்க முடிகிற பகுதியை முதலில் இன்னொரு நல்ல டிஸ்குக்கு அப்படியே பிரதி எடுக்க வேண்டும். 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச சாஃப்ட்வேர் இதற்கென்றே இருக்கிறது. சுலபமாக வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்துக்குக் கடைசியில் போகும். அப்புறம் அந்த நகலில்தான் ஃபைல்களைத் தேட வேண்டும். மூலத்தின் மேலேயே 'ரிப்பேர்' கட்டளை கொடுப்பது, நோயாளியை ஓடவிட்டு வைத்தியம் பார்க்கிற கதை. 'டிக் டிக்' சத்தம் கேட்டால் இந்த நகல் வேலையையும் வீட்டில் செய்யக்கூடாது. ஃப்ரீசரில் வைத்து எடு என்று வீடியோ போடுகிறார்களே, அவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும் என்பதுகூடவா தெரியாது?

கடைசியில் சென்னையில் ஒரு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோனேன். மூடியைப் பார்த்ததுமே, "யார் திறந்தது?" என்றுதான் அந்தப் பெண் கேட்டார். முனைகளை மாற்றி, பத்து நாள் பிரதி எடுத்தார்கள். 68-இல் 27 ஃபைல் வந்தது. எந்தக் கீறல் எப்போது விழுந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் திறந்து ஓடவிட்டதால் சேதம் கூடியிருக்கும் என்று எழுதியே கொடுத்தார்கள். வந்த ஒரு ஃபைலின் முடிவில் அண்ணன், "அம்மா, இந்தப் பக்கம் தீரப்போவுது, தம்பியைத் திருப்பிப் போடச் சொல்லு" என்கிறார். திருப்பிப் போட வேண்டிய பக்கம் வராத 41-இல் ஒன்று.

வாரண்டி இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்டார்கள். இருந்தது. வாரண்டி என்றால் புது டிஸ்க் தருவார்கள், காலியாக. உள்ளே இருந்ததற்குப் பொறுப்பில்லை என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதுவும் மூடியைத் திறந்துவிட்டால் கிடையாது.

கடைகளை மூடச் சொல்லவில்லை. கீபோர்டு மாற்றட்டும், மெமரி போடட்டும், பிழைக்கட்டும். ஆனால் பழுதான டிஸ்கை வாங்கும்போது ரசீதில் எழுதிக் கொடுக்கட்டும்: மூடியைத் திறக்கமாட்டேன், நகல் எடுக்காமல் எதையும் எழுதமாட்டேன், முடியாவிட்டால் இருந்தபடியே தருவேன் என்று. போன வாரம் அந்தக் கடைக்காரரிடம் போய் இதைக் கேட்டேன். "இவ்வளவு எழுதிக் கேட்டா யாரும் வாங்கமாட்டாங்க சார்" என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன், வாங்காதீர்கள்.