ஆவணங்களை எரித்தவர்கள் யார்?

சென்ற மாதம் மாணவர்களோடு நடந்த வாசிப்பு வட்டத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். வரலாறு படிக்கும் தம்பி ஒருவர், "இங்கிலாந்து வரலாறுன்னு ஒரு தாள் வெச்சிருக்காங்க. ஹென்றி, எலிசபெத், சார்லஸ்னு பூரா ராஜா ராணி கதை. இதைப் படிச்சு சேரிக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். பக்கத்தில் இருந்த தோழர் பட்டென்று மறுத்தார். "வெள்ளைக்காரன் எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வெச்சான். அவன் எழுதலைன்னா நமக்கு ஏது வரலாறு?"

இந்த இரண்டு பேச்சையும் நம் இயக்கங்களில் பல முறை கேட்டிருக்கிறேன். இரண்டுமே தவறு. தம்பி, இங்கிலாந்தில் அரசர்கள் மட்டுமே வாழ்ந்தார்கள் என்று நம்புகிறார். தோழர், ஆவணம் எழுதியவன் நியாயத்துக்காக எழுதினான் என்று நம்புகிறார். அந்த நாட்டின் உழைக்கும் மக்களுடைய வரலாறு எந்தத் தாள்களிலிருந்து எழுதப்பட்டது என்று பார்த்தால் இரண்டு பேருக்கும் பதில் கிடைத்துவிடும்.

1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டி வில்லியம், 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் ஊராகக் கணக்கெடுக்க ஆள் அனுப்பினான். 1086-இல் எடுக்கப்பட்ட அந்தக் கணக்கைத்தான் டூம்ஸ்டே புத்தகம் என்கிறார்கள். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் அது இருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை, யாருக்குச் சொந்தம், என்ன வருமானம் என்று அத்தனையும் அதில் உண்டு. நிலம் வைத்திருந்தவனுக்குப் பெயர் இருக்கிறது. உழுதவர்களில் பெரும்பாலோர் வெறும் எண்ணிக்கை. சுமார் 28,000 பேர் 'அடிமை' என்றே எழுதப்பட்டிருக்கிறார்கள். பதிவானவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். ஏரையும் ஆலையையும் எண்ணிய அதே வரிசையில் அவர்களையும் எண்ணியிருக்கிறார்கள்.

சுதந்திரத்தின் தாயகம் என்று பெருமை பேசும் நாட்டில் அடிமைகள் இருந்தார்கள் என்பதற்கு அந்த நாட்டு அரசனின் கணக்கே சாட்சி. அவன் அதைச் சாட்சியாக எழுதவில்லை. வருமானம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினான்.

அடுத்து, பண்ணை நீதிமன்றச் சுருள்கள். இடைக்கால இங்கிலாந்தில் பிரபுவின் பண்ணைக்கு 'மேனர்' என்று பெயர். அந்த நிலத்தில் கட்டுண்டு கிடந்த பண்ணையடிமைகளை விசாரிக்கப் பிரபுவே ஒரு நீதிமன்றம் வைத்திருந்தான். மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். பண்ணையை விட்டு வெளியூரில் பிழைக்கப் போனால் பணம் கட்ட வேண்டும். வீட்டுத் தலைவன் செத்தால், தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்குப் போய்விடும். பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும். வீட்டில் திருகை வைத்துக்கொண்டால் அபராதம். இவை எல்லாம் தோல் சுருள்களில், அந்த மக்களுக்குப் புரியாத லத்தீனில் எழுதப்பட்டன. இன்னார் பிறப்பிலேயே அடிமை என்பதை நிரூபிக்க அந்தச் சுருளே போதும். நம் பக்கத்தில் ஆளை விற்ற ஓலைகள் இருந்தன என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

1381-இல் அந்த மக்கள் எழுந்தார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தலைக்கும் 12 பென்ஸ் என்று போடப்பட்ட தலைவரிதான் உடனடிக் காரணம். எசெக்ஸில் பிரென்ட்வுட் என்ற ஊரில் மூண்டது, கென்ட்டுக்குப் பரவி, ஜூன் மாதம் லண்டனுக்குள் நுழைந்தது. வழி நெடுக அவர்கள் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். பண்ணைகளிலும் மடங்களிலும் புகுந்து நீதிமன்றச் சுருள்களை வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகத்தின் பத்திரங்கள் சந்தைத் திடலில் எரிந்தன. மார்ஜெரி ஸ்டார் என்ற மூதாட்டி அந்தச் சாம்பலை அள்ளிக் காற்றில் தூற்றியதாகப் பதிவு இருக்கிறது.

செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம் போன்றவர்கள் இவர்களை எழுத்தறிவற்ற வெறிக்கும்பலாகவே எழுதினார்கள். எழுத்தறிவற்றவர்கள்தான். ஆனால் எந்தத் தாள் தங்கள் கழுத்தில் கட்டிய கயிறு என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அப்போது 14 வயதான அரசன் இரண்டாம் ரிச்சர்ட், மைல் எண்ட் என்ற இடத்தில் அவர்களைச் சந்தித்து, அடிமைத்தனம் ஒழிந்தது என்று எழுதிக் கொடுத்தான். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் அவர்கள் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். மூன்று வாரத்துக்குள் எழுதிக் கொடுத்ததையும் அரசன் ரத்து செய்தான். எளியவனின் கையில் இருந்த ஒரே ஒரு ஆவணம், அதை எழுதிக் கொடுத்தவனாலேயே வெற்றுத் தாளாக்கப்பட்டது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எரியாமல் தப்பிய சுருள்கள் ஏராளம். யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்ட் பண்ணைச் சுருள்கள் 1274 முதல் இருக்கின்றன. ரோட்னி ஹில்டன் போன்ற மார்க்சிய வரலாற்றாசிரியர்கள் பண்ணையடிமைகளின் வாழ்க்கையை எழுத இப்படிப்பட்ட சுருள்களைத்தான் பயன்படுத்தினார்கள். கூலியில்லா வேலைக்கு வராமல் நின்றவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள், அனுமதியில்லாமல் மகளுக்குக் கல்யாணம் செய்தவர்கள் என எல்லோரும் பெயரோடு அங்கே இருக்கிறார்கள். அபராதம் போட்டவன் பெயரை எழுதித்தானே ஆக வேண்டும்! அவன் குற்றப் பட்டியல் என்று நினைத்து எழுதியது, இன்று எதிர்ப்பின் பட்டியலாக நம் கையில் இருக்கிறது.

பின்னால் வந்த நூற்றாண்டுகளிலும் கதை இதுதான். 1662-இல் வந்த குடியிருப்புச் சட்டத்தின்படி, ஏழை ஒருவர் எந்தத் திருச்சபைப் பகுதியைச் சேர்ந்தவரோ அந்தப் பகுதிதான் அவருக்கு உதவ வேண்டும். வேறு ஊருக்குப் பிழைக்க வந்தவரை விசாரித்து, வாக்குமூலம் வாங்கி, சொந்த ஊருக்கே துரத்தினார்கள். 1697-இல் ஒரு சட்டம், உதவி பெறும் ஏழைகள் தங்கள் உடையின் வலது தோளில் 'பி' என்ற எழுத்தைச் சிவப்பு அல்லது நீலத் துணியில் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அதை உடுத்த மறுத்தால் உதவி நிறுத்தப்படும். உடம்பில் அடையாளம் சுமந்து தெருவில் நடப்பது என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வாக்குமூலங்கள் மாவட்டக் காப்பகங்களில் குவிந்து கிடக்கின்றன. கூடவே ஏழைகள் தங்கள் கையாலோ, எழுதத் தெரிந்தவர் உதவியாலோ அனுப்பிய கடிதங்களும் இருக்கின்றன. எசெக்ஸ் பகுதியின் ஏழைகள் 1731 முதல் 1837 வரை எழுதிய கடிதங்கள் தொகுத்துப் பதிப்பிக்கப்பட்டுள்ளன. வாடகை பாக்கி, நோய், வேலையின்மை, பிள்ளைக்குச் செருப்பில்லை என்பவைதான் விஷயம். கெஞ்சல் மட்டுமே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சட்டப்படி எனக்கு இது உரிமை என்று வாதாடும் குரலும் அதில் உண்டு. அதிகாரிகள் இவற்றைப் பாதுகாத்தது பாசத்தால் அல்ல. செலவுக் கணக்குக்கு ரசீது வேண்டும் என்பதால்.

இ.பி. தாம்சன் 1963-இல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கம் உருவான வரலாற்றை எழுதியபோது, அவருக்குக் கிடைத்த முக்கியமான சான்றுகளில் ஒன்று உள்துறையின் கோப்புகள். அவற்றில் இருந்தவை உளவாளிகளின் அறிக்கைகள். ரகசியமாகக் கூடிய நெசவாளர்களும் இயந்திரங்களை உடைத்தவர்களும் தங்களைப் பற்றி எதையும் எழுதி வைக்கவில்லை; எழுதினால் தூக்கு. உளவாளிதான் எழுதினான். அவனை அப்படியே நம்ப முடியுமா? முடியாது. ஆலிவர் என்ற பெயரில் உலவிய உளவாளி ஒருவன் கிளர்ச்சிக்குத் தூண்டிவிட்டான். 1817-இல் டார்பியில் மூன்று பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கூலிக்காக எழுதுகிறவன் கூடுதலாக எழுதுவான். அதனால் தாம்சன் அந்த அறிக்கைகளை நீதிமன்றப் பதிவு, பத்திரிகை, துண்டறிக்கை என்று மற்றவற்றோடு வைத்துச் சரிபார்த்தார். எதிரியின் தாளை வாசிக்கும் முறை அதுதான். நம்பவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது, விசாரிக்க வேண்டும்.

இப்போது தோழருக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் ஒழுங்காக எழுதி வைத்தான் என்றீர்களே, எதை ஒழுங்காக எழுதி வைத்தான்?

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அதற்காக 2 கோடி பவுண்டு இழப்பீடும் ஒதுக்கியது. அது அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். பணம் அடிமைகளுக்குப் போகவில்லை. 'சொத்தை' இழந்த எசமானர்களுக்குப் போனது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதற்கு மேல் 1838 வரை 'பயிற்சி' என்ற பெயரில் பலர் அதே எசமானனிடம் வேலை செய்ய வேண்டியிருந்தது. பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா ஜான் கிளாட்ஸ்டன், 2,508 அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். இந்தக் கடனுக்கான பத்திரங்களின் கடைசிப் பாக்கி அடைக்கப்பட்டது 2015-இல். அதாவது அடிமைகளின் வாரிசுகள் கட்டிய வரியும் அதில் சேர்ந்திருக்கிறது.

யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு அத்தனையும் கியூ காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்து இணையத்தில் தரவுத்தளமாக்கியிருக்கிறார்கள். எந்தக் குடும்பம் எவ்வளவு வாங்கியது என்று இன்று யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். சொத்துக் கணக்கு என்பதால்தான் அவ்வளவு ஒழுங்கு.

குற்றக் கணக்கு என்ன ஆனது? காலனிகள் விடுதலையடைந்த காலத்தில், தங்களைச் சங்கடப்படுத்தக்கூடிய கோப்புகளைப் புதிய அரசுகளிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று 1961-இல் லண்டனிலிருந்து உத்தரவு போனது. எரித்தால் சாம்பலையும் உடைத்துக் கலைக்க வேண்டும். கடலில் போட்டால் கனம் கட்டி ஆழத்தில் போட வேண்டும் என்றெல்லாம் அறிவுறுத்தல். தப்பியவை இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் பல்லாண்டுகள் மறைத்து வைக்கப்பட்டன. மாவ் மாவ் போராட்டக் காலத்தில் முகாம்களில் வதைக்கப்பட்ட கென்யாவின் முதியவர்கள் வழக்குப் போட்ட பிறகே, 2011-இல் அப்படிக் கோப்புகள் இருப்பதை அரசு ஒப்புக்கொண்டது. 37 காலனிகளைச் சேர்ந்த சுமார் 8,800 கோப்புகள்! 2013-இல் 5,228 பேருக்கு இழப்பீடு தரச் சம்மதித்தது.

அதோடு நிற்கவில்லை. கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்து இங்கிலாந்தைக் கட்டியெழுப்பிய கறுப்பின மக்களின் வருகைச் சீட்டுகளை, 2010-இல் உள்துறை அழித்தது. பிறகு அதே உள்துறை அவர்களிடம், நீ எப்போது வந்தாய், ஆதாரம் காட்டு என்றது. காட்ட முடியாதவர்கள் வேலை இழந்தார்கள், மருத்துவம் இழந்தார்கள், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். 2018-இல்தான் இது அம்பலமானது.

1381-இல் எரித்தவர்கள், தங்களை அடிமை என்று சொன்ன தாளை எரித்தார்கள். 1961-க்குப் பிறகு எரித்தவர்கள், தங்களைக் குற்றவாளி என்று சொல்லும் தாளை எரித்தார்கள். முதலில் எரித்தவர்களைக் கும்பல் என்று எழுதிய வரலாறு, இரண்டாவதாக எரித்தவர்களை நிர்வாகம் என்று எழுதுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இங்கிலாந்து வரலாற்றுத் தாளில் பாதி புரிந்துவிடும்.

நமக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கையும், அதையொட்டி 1892-இல் வந்த அரசாணையும்தான் பஞ்சமி நிலத்தின் அடிப்படை. மிராசுதாரர்கள் எப்படி நம்மை நிலத்துக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது. அந்த மிராசு உரிமையை அதுவரை மதித்துக் காத்து வந்ததும் இதே அரசுதான் என்பதையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும். நன்றிக்கடன் எதுவும் தேவையில்லை. புல எண்ணைத் தேடி எடுப்பதே தேவை.

புரட்சியாளர் அம்பேத்கர் அதைத்தான் செய்தார். லண்டனில் படித்த காலத்தில் இந்திய அலுவலக நூலகத்திலும் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திலும் அரசு அறிக்கைகளையும் கணக்குகளையும் படித்தார். அந்த அரசின் நாணயக் கொள்கையை அதன் புள்ளிவிவரங்களைக் கொண்டே குற்றம் சாட்டி, 1923-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆள்பவன் எழுதியதை அவர் ஒதுக்கவும் இல்லை, வணங்கவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் பீட்டர்லூவில், வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. அரசு தன் படையைப் பாராட்டியது. ஆனால் நிவாரணக் குழுக்கள் காயமடைந்தவர்களைத் தேடிப் போய், பெயர், முகவரி, எங்கே வெட்டு, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று பட்டியல் எடுத்தார்கள். 600-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்ததும், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதும் அந்தப் பட்டியல்களால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

தம்பி கேட்டாரே, சேரிக்கு என்ன ஆகப்போகிறது என்று. இதுதான் ஆகப்போகிறது. அடுத்த முறை தாக்குதல் நடந்த ஊருக்குப் போகும்போது படம் எடுத்துப் பதிவு போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பெயர், வயது, தேதி, நேரம், காயம், புல எண், பார்த்த சாட்சி எல்லாவற்றையும் எழுதுங்கள். மூன்று படி எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேடு செல்லரித்துவிட்டது என்று சொன்னால், எப்போது, யார் பொறுப்பில் இருந்தபோது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தாள் தானாகக் காணாமல் போவதில்லை.