மருந்தடிக்கும் மெஷினுக்கு மானியம் உண்டு. குழாயைப் பிடிக்கும் கிளாம்புக்கு?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் போர்டோ கலவையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இலைத்துரு நோயைத் தடுக்கப் பருவமழைக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை 0.5 சதவீதக் கலவையை இலையின் அடிப்பாகம் நனையும்படி அடிக்கிறோம். 200 லிட்டர் பேரலுக்கு 1 கிலோ மயில்துத்தம், அதற்கேற்ற சுண்ணாம்பு. கலக்கிய அன்றே அடித்து முடிக்க வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் பயனில்லை. மழை இடைவெளி பார்த்து, ஆள் பிடித்து, கலவையும் தயாரான பிறகு, அரை நாளில் வேலை நின்றுபோகிறது. கேட்டால் 'மெஷின் சரியில்லை' என்பார்கள். போய்ப் பார்த்தால் பல நேரம் இன்ஜினும் பம்பும் நன்றாகவே இருக்கும். குழாயை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் கிளாம்ப்தான் இருக்காது.

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடக்கிறது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் கிடைக்கிறது. பவர் டில்லர், களையெடுக்கும் கருவி, பிரஷ் கட்டர், விசைத் தெளிப்பான் எல்லாம் இதனால் சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கும் வந்திருக்கின்றன. இது நல்ல திட்டம். என் குறை வேறு. இயந்திரத்தை ஒப்படைக்கும்போது இன்ஜின் எண்ணைப் பார்க்கிறோம், புகைப்படம் எடுக்கிறோம். குழாயும் கேபிளும் எங்கே உரசுகின்றன, எது தொங்குகிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை சமவெளியை மனதில் வைத்து உருவானவை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பிக்-அப் வண்டியில் குலுங்கி வரும்போதே பாதி நட்டுகள் தளர்ந்துவிடும். பிறகு சரிவில் ஒரு பக்கம் சாய்ந்தே ஓட வேண்டும். காபிச் செடியின் கிளையும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியும் தொங்கும் கேபிளை இழுத்துப் பார்க்காமல் விடாது. வயலில் ஐந்து ஆண்டு தாங்கும் அமைப்பு தோட்டத்தில் ஒரு பருவம் தாங்கினாலே அதிகம்.

தெளிப்பானையே எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று குழாய்கள். உறிஞ்சும் குழாயில் கிளிப் தளர்ந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். அழுத்தம் ஏறாது. உடனே பம்பைப் பிரித்து வாஷர் மாற்றுகிறோம். அதற்கு முன் திரும்பும் குழாயைப் பாருங்கள். கலவை குமிழ் குமிழாக வந்தால் முதலில் உறிஞ்சும் பக்கத்து இணைப்பைச் சந்தேகியுங்கள். திருகை இறுக்கும் ஸ்டீல் ஹோஸ் கிளிப் ஒன்று அந்த வேலையை முடித்துவிடலாம்.

திரும்பும் குழாயை நாம் மதிப்பதே இல்லை. பேரலுக்குள் சும்மா போட்டு வைக்கிறோம். ஆனால் சுண்ணாம்பு அடியில் தங்காமல் கலக்கிக்கொண்டே இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கன்ட்ரோல் வால்வை மூடியதும் அழுத்தம் முழுவதும் அந்தக் குழாய்க்குப் போகும். பாம்புபோல் எகிறி பேரலை விட்டு வெளியே விழும். கன் பிடித்திருப்பவர் கீழே நான்கு வரிசை தள்ளி நிற்பார். இன்ஜின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்காது. நூறு லிட்டர் கலவை மண்ணில் போன பிறகுதான் தெரியும். பேரல் விளிம்பில் ஒரு கிளாம்ப் போட்டுக் குழாயின் நுனி அடிவரை போகும்படி நிறுத்தினால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

மூன்றாவது, வெளியேறும் குழாய். 8.5 மி.மீ. உள்விட்டமுள்ள 100 மீட்டர் குழாய்க்குள் மட்டும் ஐந்தரை லிட்டருக்கு மேல் கலவை நிற்கும். குழாயின் எடை தனி. சரிவில் கீழே நின்று ஒருவர் இழுக்கும்போது அந்த இழுவை முழுவதும் பம்பின் பித்தளை இணைப்பில்தான் விழும். மரை தேய்கிறது, இணைப்பு விரிசல் விடுகிறது. குழாயை முதலில் இயந்திரத்தின் சட்டத்தில் ஒரு கிளாம்பில் பிடித்துவிட்டு, பம்புக்கும் கிளாம்புக்கும் நடுவில் சற்றுத் தொய்வு விட்டால், இழுவை சட்டத்தோடு நின்றுவிடும்.

இதற்கெல்லாம் நம் ஊர் வைத்தியம் கட்டுக்கம்பி. கட்டுக்கம்பியைப் போல ரப்பர் குழாய்க்கு எதிரி வேறில்லை. இன்ஜின் அதிர அதிர அது அரம்போல அறுக்கும். போதாததற்கு, மயில்துத்தம் பட்ட இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். அவசரத்துக்குக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டுவது மேல். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் கேபிள் டை வாங்கினால் கறுப்பு நிறத்தில் வாங்குங்கள், வெள்ளை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். நிரந்தரத்துக்கு ஏற்றது, உள்ளே ரப்பர் பட்டை வைத்த பி வடிவக் கிளாம்ப். ஒன்றின் விலை ஒன்றிரண்டு தேநீர் விலைதான். ஏற்கெனவே உள்ள போல்ட்டிலேயே மாட்டலாம், புதிதாகத் துளை போட வேண்டாம். நட்டு மட்டும் நைலான் வளையம் வைத்ததாக இருக்கட்டும். அதிர்வில் எளிதில் கழலாது.

பண நஷ்டம் ஒரு பக்கம். பவர் டில்லரில் கிளட்ச் கேபிள் உறை கழன்று சிக்கினால், சரிவில் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. பிரஷ் கட்டரில் பெட்ரோல் குழாய் சைலன்சரைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிராக்டர் ஹைட்ராலிக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் கையை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலை இழக்க நேரிடலாம். கசிவு இருக்கிறதா என்று ஓர் அட்டைத்துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் குழாய் அழுத்தம் ஏறும்போது நீளம் மாறக்கூடும் என்பதால், அதைக் கிளாம்பில் விறைப்பாகவும் கட்டக் கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது பல்பர் அறைதான். அறுவடைக் காலம் முழுக்க அந்தத் தரை ஈரம். பழம் சுமந்து வருபவர்கள் வெறுங்காலோடு நடக்கும் அதே தரையில் மோட்டார் கேபிள் கிடக்கும். கேபிளைச் சுவரில் ஆள் உயரத்துக்குத் தூக்கிச் சேடில் கிளாம்பில் பிடிப்பதும், மோட்டார் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கிளாண்டு போடுவதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும் எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை.

வேளாண் கருவி விபத்துகளுக்காகவே நாட்டில் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அது முதன்மையாகக் கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போவதைப் பார்த்தது. மானிய இயந்திரங்களின் மாதிரிகள் சோதனை நிலையங்களில் சோதிக்கப்படுகின்றன என்பதும் உண்மை. ஆனால் சோதிப்பது புது இயந்திரத்தை. மலையில் இரண்டு பருவம் ஓடியதை அல்ல.

வேளாண்மைப் பொறியியல் துறை மலைப்பகுதிக்குத் தரும் இயந்திரத்தோடு ஒரு சிறு கிளாம்ப் பையையும் மானிய விலைக்குள்ளேயே சேர்க்கச் சொல்லலாம். ஒப்படைக்கும் நாளில் இன்ஜினை ஓடவிட்டு, எந்தக் குழாய் ஆடுகிறது, எது சைலன்சர் பக்கம் போகிறது என்று விரிவாக்கப் பணியாளர் பார்த்த பிறகே கையெழுத்து வாங்கலாம். வாடகை மையங்களில் இயந்திரம் திரும்பி வரும்போது டீசல் அளவைப் பார்ப்பவர்கள் கிளாம்பையும் எண்ணிவிடலாம். காபி வாரியமும் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் நடத்தும் பயிற்சிகளில் நோய், உரம் பற்றிப் பேசுகிறோம். அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு பழைய தெளிப்பானை நடுவில் வைத்து இதையும் காட்டலாம். ஊரில் இரு சக்கர வாகனம் பழுது பார்க்கும் இளைஞர்களையும் அழைக்க வேண்டும். பருவத்தின் நடுவில் பழுதானால் முதலில் ஓடுவது அவர்களிடம்தான். பருவமழைக்கு முந்தைய தெளிப்புக்குப் பேரலை இறக்குவதற்கு ஒரு வாரம் முன்பு இதை நடத்தினால் கிளாம்ப் வாங்கி மாட்டவும் நேரம் இருக்கும்.