படித்தவர்களும் போட்டுக்கொள்ளாத தடுப்பூசி

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ஹெச்பிவி எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ். பெரும்பாலும் பாலுறவு வழியே பரவுவது. இதன் பல வகைகளில் 16, 18 என்ற இரண்டு மட்டுமே இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். தடுப்பூசி 2006 முதல் இருக்கிறது. நர்சிங், எம்பிபிஎஸ் மாணவர்கள் இதையெல்லாம் பாடத்திலேயே படிக்கிறார்கள். ஆனாலும் அவர்களில் பலர் தடுப்பூசி போட்டுக்கொள்வதில்லை. ஏன்?

முதல் காரணம், "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே, இப்போது எதற்கு?" என்ற எண்ணம். ஆனால் இந்த ஊசி உடலில் ஏற்கெனவே உள்ள வைரஸை அழிக்காது. வைரஸ் நுழையும் முன்பே எதிர்ப்பாற்றலை உருவாக்கி வைக்கும். ஆகவே தொற்றுக்கு முன் போட்டால்தான் முழுப் பயன். 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு முன்னுரிமை தரும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். அந்த வயதில் தவறவிட்டவர்கள் பிறகும் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, செலவு. இந்தியாவில் தயாராகும் ஹெச்பிவி தடுப்பூசியான செர்வாவாக் 2023இல் வந்தபோது தனியார் சந்தையில் ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய். 15 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று தவணை. விடுதி மாணவி அந்தப் பணத்தை வீட்டில்தான் கேட்க வேண்டும். எதற்கென்று கேட்டால், பாலுறவு வழியே பரவும் நோய் என்று சொல்லத் தயங்குகிறார்.

மூன்றாவது, பயம். ஆந்திரத்திலும் குஜராத்திலும் 2009இல் தொடங்கிய ஹெச்பிவி தடுப்பூசி முன்னோடித் திட்டம், சில சிறுமிகள் இறந்ததை அடுத்து 2010இல் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்பதற்கு விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஒப்புதல் பெற்ற முறையில்தான் குறைகள் இருந்தன. சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது.

ஆண் மாணவர்களோ இதைப் பெண்களின் ஊசி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஹெச்பிவி ஆண்களுக்கும் ஆசனவாய், தொண்டைப் புற்றுநோய்களை உண்டாக்கலாம்.

இதே மாணவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தயங்காமல் போட்டுக்கொள்கிறார்கள். வார்டுக்கு அனுப்பும் முன், பல கல்லூரிகளே பெயர்ப் பட்டியல் எடுத்து, தேதி குறித்து, வரிசையாகப் போட்டுவிடுகின்றன. ஹெச்பிவி ஊசியை மாணவரே தேடிப்போய், காசு கொடுத்து, அடுத்த தவணையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே பாடத்தை இன்னொரு முறை நடத்துவதால் மட்டும் நிலைமை மாறிவிடாது. ஹெபடைடிஸ் பிக்குச் செய்யும் ஏற்பாட்டைக் கல்லூரிகள் இதற்கும் செய்துதரலாம். விளக்கம் சொல்லி, விருப்பம் கேட்டு, சலுகை விலையில். நாளை தாய்மார்களுக்கு இந்த ஊசியைப் பற்றி எடுத்துச் சொல்லப்போகிறவர்கள் இந்த மாணவர்கள்தான்.