இரண்டு மாத்திரை வாங்கும் வழக்கம் ஒழியட்டும்!

மழைக்காலம் தொடங்கிவிட்டால் வட சென்னையில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கும்.

ராயபுரத்தில் கேட்கும். காசிமேட்டில் கேட்கும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எண்ணூர் வரை கேட்கும்.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி ஒரு பக்கம். ஆலைப் புகை இன்னொரு பக்கம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்து உறங்கும் வீடுகள் எத்தனையோ. பிள்ளைக்குச் சளி பிடிக்க வேறு காரணம் வேண்டுமா?

சளி பிடித்ததும் பல வீடுகளில் நடப்பது என்ன? தகப்பனார் மருந்துக்கடைக்குப் போகிறார். "பிள்ளைக்கு இருமல். ஏதாவது கொடுங்கள்" என்கிறார். கடைக்காரர் கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுக்கிறார். அல்லது ஒரு மருந்துப் புட்டியை எடுத்து நீட்டுகிறார்.

மறுநாள் இருமல் கொஞ்சம் குறைகிறது. மருந்து நின்றுவிடுகிறது. புட்டியில் பாதி மிச்சம். அது அலமாரிக்குப் போகிறது. அடுத்த மாதம் தம்பிக்கு இருமல் வந்தால், அண்ணனுக்கு வாங்கிய மிச்ச மருந்து வெளியே வருகிறது.

இது சிக்கனம் போலத் தோன்றும். உண்மையில் இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

பிள்ளைகளைக் கொல்லும் நோய்

நிமோனியா என்பது நுரையீரலைத் தாக்கும் நோய். மூச்சுப் பைகளில் சீழும் நீரும் கோத்துக்கொள்ளும். பிள்ளை மூச்சுக்குத் திணறும்.

2019-ம் ஆண்டில் மட்டும் உலகில் 5 வயதுக்கு உட்பட்ட 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள். இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது 'நிமோகாக்கஸ்' என்பது. இந்தக் கிருமி எங்கோ ஒளிந்திருப்பதில்லை. நல்ல பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும்கூடக் குடியிருக்கும். சமயம் பார்த்து நுரையீரலுக்குள் இறங்கும்.

இதைக் கொல்ல மருந்து இருக்கிறது. 'ஆன்டிபயாடிக்' என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கிருமிக்கொல்லி மருந்து என்று தமிழில் சொல்லலாம். பென்சிலின் இந்த வகையைச் சேர்ந்தது. அமாக்சிசிலின், அசித்ரோமைசின் ஆகியவையும் இதே வகைதான்.

இவை வந்த பிறகு கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. ஆனால், அந்த மருந்துகளுக்கே இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

கிருமி எப்படித் தப்புகிறது?

காசிமேட்டு மீனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடலில் வலை வீசுகிறோம். பெரிய மீன் அகப்படுகிறது. வலைக்கண்ணில் நுழையக்கூடிய சிறிய மீன் தப்புகிறது. தப்பிய மீன்தான் குஞ்சு பொரிக்கிறது. திரும்பத் திரும்ப அதே வலையை வீசினால் கடைசியில் என்ன மிஞ்சும்? அந்த வலைக்கு அகப்படாத மீன்தான் மிஞ்சும்.

கிருமியின் கதையும் இதுதான். மருந்து கொடுத்ததும் வலுவில்லாத கிருமிகள் சாகின்றன. மருந்தைத் தாங்கும் சக்தி உள்ள ஒன்றிரண்டு தப்புகின்றன. போட்டிக்கு ஆள் இல்லாததால் அவை மளமளவென்று பெருகுகின்றன. ஒரு வித்தியாசம். மீன் பெருக மாதங்கள் ஆகும். கிருமிக்குச் சில மணி நேரமே போதும்.

இன்னொரு வித்தையும் நிமோகாக்கஸுக்குத் தெரியும். மருந்தைத் தாங்கும் குணத்தைப் பக்கத்தில் உள்ள மற்றக் கிருமிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

அப்படி வலுப்பெற்ற கிருமி அந்தப் பிள்ளையோடு நிற்பதில்லை. இருமலில் பறக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பால்வாடிக்குப் போகிறது.

இரண்டு மாத்திரை சாப்பிட்டது ஒரு வீட்டுப் பிள்ளை. உயிருக்குப் போராடுவது வேறு வீட்டுப் பிள்ளை!

அன்றே எச்சரித்த மேதை

1928-ல் பென்சிலினைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். அதற்காக 1945-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோபல் பரிசுச் சொற்பொழிவில் அவர் தம்முடைய மருந்தின் பெருமையை மட்டும் பேசவில்லை. ஓர் எச்சரிக்கையும் செய்தார். அதைக் கதையாகவே சொன்னார்.

ஒருவனுக்குத் தொண்டை வலி. தானாகவே பென்சிலின் வாங்கிச் சாப்பிடுகிறான். கிருமி சாகும் அளவுக்குச் சாப்பிடவில்லை. மருந்தைத் தாங்க அது பழகும் அளவுக்கே சாப்பிடுகிறான். அந்தக் கிருமி அவன் மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா வருகிறது. டாக்டர் பென்சிலின் கொடுக்கிறார். மருந்து கேட்கவில்லை. அவள் இறந்துபோகிறாள்.

அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்று பிளெமிங் கேட்டார்.

அந்தக் கேள்வி பலித்துவிட்டது. 1967-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு நோயாளியிடம், பென்சிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸ் கண்டறியப்பட்டது. 1977-ல் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமி குழந்தைகளைத் தாக்கியது.

நம் நாட்டில் இழந்த மருந்து

இந்தியாவிலும் ஒரு பாடம் கிடைத்தது.

1993 முதல் 1997 வரை நாட்டின் ஆறு பெரிய ஆஸ்பத்திரிகளில் நிமோகாக்கஸ் கிருமியை ஆராய்ந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதில் முக்கியப் பங்கு வகித்தது. கடுமையான நோய் கண்ட 314 நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் சோதிக்கப்பட்டன. முடிவு 1999-ல் வெளியாயிற்று.

பென்சிலினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டியவை நான்கே நான்கு. அது நல்ல செய்தி.

கெட்ட செய்தி வேறு. 'கோட்ரைமாக்சசோல்' என்ற மருந்துக்கு 100-க்கு 56 கிருமிகள் அடங்கவில்லை! மலிவான மருந்து அது. ஏழைப் பிள்ளைகளின் நிமோனியாவுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்தது. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் நிமோனியா சிகிச்சை முறையைத் திருத்தி வெளியிட்டபோது, வாய்வழி கொடுக்கும் முதல் மருந்தாக அமாக்சிசிலினையே சொன்னது.

ஒரு மருந்து போனது. இன்னொரு மருந்து கைகொடுத்தது. இதுவும் போனால்?

அசித்ரோமைசின் வகை மருந்துக்கு அடங்காத நிமோகாக்கஸை, 2024-ல் உலக சுகாதார நிறுவனம் தன் ஆபத்தான கிருமிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வாய்வழி மருந்து பலிக்காவிட்டால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டும். தகப்பனுக்கு வேலை போகும். தாய்க்கு வேலை போகும். கடன் வரும்.

இரண்டு மாத்திரையில் மிச்சம் பிடித்த காசு எங்கே? இந்தச் செலவு எங்கே?

ஏழையை மட்டும் குறை சொல்லலாமா?

கூடாது.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகும் தாய், கூடையைப் போட்டுவிட்டு எங்கே போவாள்? மருந்துக்கடை தெருமுனையில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கிறது. அதனால்தான் போகிறார்கள்.

'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று வட சென்னை மக்கள் உரிமையோடு அழைத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. மாலையிலும் திறந்திருக்கும் நலவாழ்வு மையங்களைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. நல்ல ஏற்பாடு.

ஆனால் கட்டடம் திறந்திருந்தால் போதாது. டாக்டர் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் இருப்பில் இருக்க வேண்டும். "மருந்து இல்லை, நாளைக்கு வா" என்ற பதில் ஒருமுறை வந்தால், அந்தத் தாய் மறுபடி மருந்துக்கடைக்குத்தான் போவாள். இதை அரசாங்கம் கவனிக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது

டாக்டர் சீட்டு இல்லாமல் கிருமிக்கொல்லி மருந்தை விற்கக் கூடாது. இது சட்டம். சில முக்கியமான மருந்துகளை விற்கும்போது நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற கடுமையான விதி 2014 மார்ச் 1-ம் தேதி அமலுக்கு வந்தது.

2012 ஆகஸ்டு மாதம் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில்தான் கூடின. மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஒடுக்கத் திட்டம் வகுத்தன. அதற்கு 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர்.

சென்னையின் பெயர் தாங்கிய பிரகடனம் சென்னைத் தெருக்களிலே காற்றில் பறக்கலாமா?

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2024-ல், சீட்டு இல்லாமல் மருந்து விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தினார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சளிக்கும் சாதாரண இருமலுக்கும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். வைரஸை இந்த மருந்து தொடாது. புகையால் வரும் இருமலும் இதற்குக் கேட்காது. "பலமான மருந்தாக எழுதுங்கள்" என்று பெற்றோர் கேட்டாலும், தேவையில்லை என்று எடுத்துச் சொல்வதும் வைத்தியம்தான்.

தாய்மார்கள் செய்ய வேண்டியது

சாதாரணச் சளியா, நிமோனியாவா? இதை அறிய ஒரு வழி இருக்கிறது. காசு செலவில்லை. கடிகாரம் இருந்தால் போதும்.

பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்குங்கள். மார்பும் வயிறும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்.

இரண்டு மாதம் நிறைந்து ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு இருந்தால் ஆபத்து. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. இரண்டு மாதம்கூட ஆகாத கைக்குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது.

மூச்சு இழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி உள்ளே குழிகிறதா? பால் குடிக்க முடியவில்லையா? வலிப்பு வருகிறதா? எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடக்கிறதா? மூச்சு எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரவு என்றும் பார்க்க வேண்டாம்.

டாக்டர் மருந்து கொடுத்தால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். பாம்பை அடித்தால் முழுதாக அடிக்க வேண்டும். பாதியில் விட்ட பாம்பு பகை சாதிக்கும். மிச்ச மருந்தை அடுத்த பிள்ளைக்கு வைக்காதீர்கள். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அறியுங்கள்.

வருமுன் காக்கும் ஊசி

எல்லாவற்றையும்விட நல்லது, நோயே வராமல் தடுப்பது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் ஆகிய மூன்று தடவை போட வேண்டும். தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவாகும் ஊசி இது!

இந்த ஊசி மருந்துக்கு அடங்காத கிருமியையும் தடுக்கிறது. அமெரிக்காவில் 2000-ல் இதைப் போடத் தொடங்கினார்கள். 2004-க்குள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் பென்சிலினுக்கு அடங்காத கிருமியால் வரும் கடுமையான நோய் 100-க்கு 81 பங்கு குறைந்துவிட்டது.

சென்னையால் முடியும்

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இந்த நகரத்தின் ஏழை மக்கள் தங்கள் சிறிய வீடுகளில் இருந்தபடியே மருந்தைத் தவறாமல் சாப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். 1959-ல் அந்த முடிவு வெளியானது. காசநோய்க்கு வீட்டிலிருந்தே வைத்தியம் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியது இந்தச் சென்னைதான். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட, மாளிகை தேவையில்லை. மன உறுதி போதும் என்று அன்று நிரூபித்தார்கள்.

அன்று முடிந்தது இன்றும் முடியும்.

நல்ல தண்ணீர்க் கிணற்றை ஊரே காவல் காக்கிறது. யாரும் அதில் குப்பை கொட்ட விடுவதில்லை. கிருமிக்கொல்லி மருந்தும் ஊர்ப் பொதுக் கிணறுதான். ஒருவர் வீணாக்கினால் எல்லோருக்கும் தாகம்.

சாதாரண இருமலுக்கு அந்த மருந்து வேண்டாம். நிமோனியா வந்த பிள்ளைக்கு அது மிஞ்சியிருக்கட்டும்!